விழாவுக்கு வந்த பணம், உங்கள் பான் எண்: மாணவர் பொருளாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாணவர்களே முன்னின்று நடத்தும் கலைவிழா, சிம்போசியம், ஹேக்கத்தான், கருத்தரங்கு எதுவானாலும் ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் தன் யூபிஐ எண்ணைக் குழுவில் போட்டுவிடுகிறார். நன்கொடையும் ஸ்பான்சர் பணமும் அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வரத் தொடங்குகின்றன. விழா முடிந்து எல்லாரும் கலைந்துபோன பிறகும் அந்த வரவுகள் அவர் பேரிலேயே நிற்கின்றன. அந்த ஒருவருக்காகத்தான் இந்தப் பக்கம்.

இங்கே பேசுவது இந்திய வருமான வரியைப் பற்றி. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 அந்த இடத்துக்கு வருவதால் எண்கள் மாறுகின்றன. வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

விழாவுக்கென்று என் கணக்கில் வந்த பணம் என் வருமானமா?

பிறருக்காக நீங்கள் பொறுப்பேற்று வைத்திருக்கும் பணம் உங்கள் வருமானம் ஆகாது. ஆனால் அது பிறருடையது என்று காட்ட வேண்டிய கடமை உங்களுடையது. வரி அதிகாரி பார்க்கும்போது கணக்கு உங்கள் பேரில் இருக்கும், பணம் அதில் வந்திருக்கும். மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும், தாளோடு.

இதில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பொருளாளர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒன்று, 1960-இல் தீர்ப்பான சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கு. ஒருவர் தன் வருமானத்திலிருந்து மனைவி மக்களுக்கு ஜீவனாம்சம் கொடுத்துவந்தார், அந்தத் தொகைக்கு வரி கூடாது என்று கேட்டார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. கைக்கு வரும் முன்பே சட்டக் கடமையால் வேறொருவருக்குத் திரும்பிவிடும் பணம் வருமானம் ஆகாது. கைக்கு வந்த பிறகு அதிலிருந்து செலவழிப்பது, எவ்வளவு நியாயமான செலவானாலும், வருமானத்தைப் பயன்படுத்துவதுதான் என்று அது கோடு போட்டது. இன்னொன்று பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கு. அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் சரக்கின் விலையோடு ‘தர்மதா’ என்று ஒரு சிறு தொகையைத் தனியாக வாங்கிவந்தது. வாங்கும்போதே அது தர்மத்துக்கென்று குறித்து வாங்கப்பட்டது, அந்தக் கடமையோடுதான் கைக்கு வந்தது, எனவே நிறுவனத்தின் வருமானம் அல்ல என்று தீர்ப்பானது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்களுக்கு வேண்டிய பாடம் கிடைக்கிறது. பணம் பிறகு எதற்குச் செலவானது என்பது மட்டும் போதாது. வரும்போதே எந்தக் கடமையோடு வந்தது என்பதைக் காட்ட முடிய வேண்டும். அதைக் காட்டும் தாள், முதல் ரூபாய் வருவதற்கு முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். விழா முடிந்து நோட்டீஸ் வந்த பிறகு எழுதும் கடிதத்துக்கு அந்த எடை கிடையாது.

“50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வரி” என்கிறார்களே, அது என்ன?

பிரிவு 56(2)(எக்ஸ்). உறவினர் அல்லாதவர்களிடமிருந்து, பதிலுக்கு எதுவும் தராமல், ஒரு நிதியாண்டில் வாங்கிய பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் வரிக்கு வரும். தாண்டிய பகுதி மட்டுமல்ல, முதல் ரூபாயிலிருந்து.

பலரும் இதை ஒரு நபருக்கான வரம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரம்பு வாங்குபவரைச் சேர்ந்தது. 300 பேர் ஆளுக்கு 200 ரூபாய் அனுப்பினாலும் மொத்தம் 60,000, வரம்பு தாண்டிவிட்டது.

திருமணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. மாணவர் விழாவுக்கு அப்படி விலக்கு எதுவும் இல்லை. உங்கள் பாதுகாப்பு முந்தைய பதிலில் சொன்ன வாதம்தான்: இது எனக்கு வந்த அன்பளிப்பு அல்ல, குழுவுக்காக நான் வாங்கி வைத்த பணம். அந்த வாதம் நின்றால் 56(2)(எக்ஸ்) பக்கமே போக வேண்டியதில்லை. நிற்காவிட்டால் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அன்பளிப்பாகக் கருதப்படும் தொகையிலிருந்து மேடைச் செலவையும் ஒலிபெருக்கி வாடகையையும் கழிக்க முடியாது. ஐந்து லட்சம் வந்து ஐந்து லட்சமும் செலவாகியிருந்தாலும் வருமானம் ஐந்து லட்சம்தான்.

சரி, வருமானம் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வரி வரும்?

வேறு வருமானமே இல்லாத மாணவர் என்றால் பெரும்பாலும் ஒன்றும் வராது. புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, கணக்குத் தாக்கல் செய்யும் கட்டாயமும் பொதுவாக இல்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும்.

ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது, அது இறுதியாண்டு மாணவர்களைத்தான் பிடிக்கிறது. விழா ஏப்ரலில் நடக்கிறது. பொருளாளரின் கணக்கில் 5 லட்சம் வந்து போகிறது. ஜூலையில் அவர் வேலைக்குச் சேர்கிறார், மார்ச்சுக்குள் 9 லட்சம் சம்பளம் வாங்குகிறார். இரண்டும் ஒரே நிதியாண்டு. சம்பளம் மட்டும் என்றால் 75,000 நிலையான கழிவு போக 8.25 லட்சம், வரி பூஜ்யம். விழாப் பணமும் சேர்ந்தால் 13.25 லட்சம், தள்ளுபடி போய்விடும். அடுக்குவாரியாகக் கணக்கிட்டால் 78,750, அதன்மேல் 4% செஸ், மொத்தம் 81,900 ரூபாய். ஊருக்காக உழைத்தவர் தன் முதல் வருடச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய தொகை இது.

இதைவிடக் கடுமையான நிலையும் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்றே விளக்க முடியாவிட்டால் 69ஏ பிரிவின்படி அது ‘விளக்கப்படாத பணம்’ ஆகலாம். அதற்கு 1961 சட்டத்தின் 115பிபிஇ பிரிவில் 60% வரி, அதன்மேல் 25% கூடுதல் வரி, 4% செஸ், மொத்தம் 78%. அடிப்படை விலக்கும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. வருமானமே இல்லாத மாணவருக்கும் இது பொருந்தும். நன்கொடையாளர் பட்டியல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தாலே இந்த நிலை வராது.

யூபிஐயில் சின்னச் சின்னத் தொகையாக வந்ததெல்லாம் வருமான வரித் துறைக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு யூபிஐ வரவும் துறைக்குத் தானாகப் போவதில்லை. போகும் தகவல்கள் இவை: உங்கள் சேமிப்புக் கணக்குகளில் ஆண்டுக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டியிருந்தால் அது, வங்கி தந்த வட்டி, உங்கள் பான் எண்ணில் பிடிக்கப்பட்ட டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டிவிடும் வரி). இவை ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும். ஏதாவது ஒன்றில் சந்தேகம் எழுந்தால் வங்கியிடமிருந்து முழு ஸ்டேட்மென்டையும் கேட்டு வாங்கும் அதிகாரம் துறைக்கு உண்டு. சேமிப்புக் கணக்குகளில் ஆண்டில் 50 லட்சமோ அதற்கு மேலோ வரவு வந்திருந்தால் வருமானம் எதுவாக இருந்தாலும் கணக்குத் தாக்கல் கட்டாயம். பெரிய விழாக்களின் பொருளாளர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

தெரியாது என்ற நம்பிக்கையில் திட்டமிடாதீர்கள். தெரிந்தால் என்ன காட்டுவோம் என்று திட்டமிடுங்கள்.

ஸ்பான்சர் தரும் பணமும் நன்கொடைதானே?

இல்லை. மாணவர் குழுக்கள் அதிகம் இடறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்னாள் மாணவர் ஒருவர் “நல்லா நடத்துங்கப்பா” என்று பத்தாயிரம் அனுப்புகிறார், பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அது நன்கொடை. ஒரு நிறுவனம் ஒரு லட்சம் தருகிறது, மேடையின் பின்திரையில் தன் லோகோ வர வேண்டும், நுழைவாயிலில் ஸ்டால் வேண்டும், அறிவிப்பாளர் பேரைச் சொல்ல வேண்டும் என்கிறது. அது விளம்பரத்துக்கான கட்டணம். ‘நன்கொடை’ என்று ரசீதில் எழுதினாலும் அதன் தன்மை மாறாது.

மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்ட 715-ஆம் எண் சுற்றறிக்கையில் இதே கேள்வி நேரடியாகவே வருகிறது. கல்லூரி, பள்ளி, சங்கங்களில் நடக்கும் விவாதம், கருத்தரங்கு போன்ற நிகழ்ச்சிகளுக்குப் பதாகை விளம்பரத்துக்காக ஸ்பான்சர் செய்தால் டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்று கேட்டு, ஸ்பான்சர் ஒப்பந்தம் சாரத்தில் விளம்பர வேலைக்கான ஒப்பந்தமே, ஒப்பந்த வேலைக்கான பணத்தில் டிடிஎஸ் பிடிக்கச் சொல்லும் 194சி பிரிவு பொருந்தும் என்று வாரியம் பதில் சொல்லியிருக்கிறது. அதனால் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு டிடிஎஸ் பிடித்தால் அவர்கள் செய்வது சரிதான். ஒரே தடவையில் 30,000 ரூபாயையோ ஆண்டில் மொத்தமாக 1 லட்சத்தையோ தாண்டினால் பிடிப்பார்கள். தனிநபருக்கு 1%, நிறுவனத்துக்கோ சங்கத்துக்கோ 2%, பான் தராவிட்டால் 20%.

யாருடைய பான் எண்ணைத் தருகிறீர்களோ அவருடைய ஒப்பந்த வரவாகத்தான் அது பதிவாகும். நன்கொடைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அங்கே இருக்கிறது. நன்கொடையில் ‘நான் வெறும் கைமாற்றுபவன்’ என்ற வாதம் எளிது. ஸ்பான்சர் பணத்திலோ உங்கள் பெயரில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டு கட்டணம் வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. ஒரு வகையில் மட்டும் இது சாதகம்: தொழில் வரவாகக் காட்டினால் விழாச் செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம், அன்பளிப்பில் அது முடியாது. ஆனால் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு அந்தக் கழிவில் ஏற்கப்படாது.

என் உறுதியான கருத்து: நன்கொடையைக்கூட வேறு வழியில்லாமல் தனிநபர் கணக்கில் வாங்கலாம், ஸ்பான்சர் பணத்தை வாங்கக் கூடாது. கல்வி நிறுவனத்தின் பேரிலோ பதிவான சங்கத்தின் பேரிலோ தர முடியாத ஸ்பான்சரை விட்டுவிடுவதே மேல்.

ஏற்கனவே என் பான் எண்ணில் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். இனி?

நிதியாண்டு முடியவில்லை என்றால் முதலில் ஸ்பான்சரின் கணக்குப் பிரிவிடம் பேசுங்கள். வரவு உண்மையில் கல்லூரியுடையது அல்லது சங்கத்துடையது என்றால், 37பிஏ விதியின்படி நீங்கள் ஓர் உறுதிமொழி தந்தால், டிடிஎஸ் விவரத்தை அந்த உரிய பான் எண்ணில் காட்ட அவர்களால் முடியும். அந்தப் பணம் உண்மையிலேயே அந்த அமைப்பின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்க வேண்டும், வெறும் தாள் மாற்றம் போதாது.

அது முடியாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, வரவையும் செலவையும் தொழில் கணக்காகக் காட்டித் தாக்கல் செய்து, பிடித்த தொகையைத் திரும்பப் பெறுவது. அதற்கு ஆடிட்டர் ஒருவரின் உதவி தேவைப்படும், எளிய சம்பளக்காரர் படிவம் இதற்கு ஆகாது. மற்றொன்று, ‘இது என் வருமானம் அல்ல’ என்ற நிலைப்பாட்டில் நின்று அந்த டிடிஎஸ்ஸை விட்டுவிடுவது. வருமானத்தைக் காட்டாமல் டிடிஎஸ்ஸை மட்டும் திருப்பிக் கேட்க முடியாது.

திரும்ப வந்தால் அந்தப் பணம் விழாக் கணக்கைச் சேர்ந்தது. ஸ்பான்சர் 1,00,000 ஒப்புக்கொண்டு 1,000 பிடித்து 99,000 தந்தால், கணக்கு நோட்டில் வரவு 1,00,000 என்றும், வரவேண்டியது 1,000 என்றும் எழுதுங்கள்.

அப்படியானால் பணத்தை எங்கே வாங்குவதுதான் சரி?

முதல் தேர்வு எப்போதும் உங்கள் கல்வி நிறுவனத்தின் கணக்கு. விழாவுக்கென்று தனித் தலைப்பில் வரவு வைக்கச் சொல்லி, பொறுப்பாசிரியர் மூலம் எழுத்தில் கேளுங்கள். அவர்களிடம் பான் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது, ஸ்பான்சருக்குத் தேவையான பில் தர முடிகிறது.

இரண்டாவது, மாணவர் அமைப்பின் பேரிலேயே கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து விழா நடத்தும் அமைப்புக்கு இந்த உழைப்பு வீண்போகாது. 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். சில மாநிலங்கள் தமக்கெனத் தனிச்சட்டம் வைத்துள்ளன, தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம். பதியாத அமைப்பாக இருந்தாலும் அமைப்பின் பேரில் பான் வாங்கி, நிர்வாகக் குழுத் தீர்மானமும் பணம் கையாளும் அதிகாரக் கடிதமும் கொடுத்துக் கணக்கு திறக்க வங்கி விதிகளில் இடம் உண்டு. கிளை மேலாளர் தயங்குவார். இரண்டு மூன்று கிளைகளில் கேட்டுப் பாருங்கள். சங்கத்துக்கும் வருமான வரிக் கணக்கு உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தனிநபர் கணக்கு கடைசி வழி.

கல்லூரிக் கணக்கில் போட்டால் பணம் கைக்கு வரவே மாதக்கணக்காகிறதே?

உண்மைதான், பெரும்பாலான குழுக்கள் தனிநபர் கணக்குக்குப் போவதற்கு இதுதான் காரணம். பணத்தை எடுப்பதற்குப் பதிலாக, பெரிய செலவுகளின் பில்லை நிறுவனத்தின் பேரில் வாங்கி நேரடியாகக் கடைக்காரருக்கே செலுத்தச் சொல்லுங்கள். பந்தல், ஒலி ஒளி, அச்சு, சாப்பாடு ஆகிய நான்கும் சேர்ந்தாலே செலவின் பெரும்பகுதி முடிந்துவிடும். சில்லறைச் செலவுக்கு மட்டும் பொறுப்பாசிரியர் பேரில் முன்பணம் கேளுங்கள். முன்பணத்துக்குப் பதினைந்து நாளுக்குள் பில் கொடுத்துக் கணக்கு முடிக்கும் குழுவுக்கு அடுத்த முறை காசு சீக்கிரம் வரும்.

வேறு வழியே இல்லை, என் பேரில்தான் வாங்கியாக வேண்டும். என்னென்ன செய்ய வேண்டும்?

வசூல் தொடங்கும் முன் குழு கூடி ஒரு தீர்மானம் எழுதுங்கள். நீண்ட சட்ட மொழி வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“... விழாவை நடத்துவதற்காக நன்கொடை திரட்டுவதென்றும், குழுவுக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லாததால் பொருளாளர் ... அவர்களின் பேரில் உள்ள ... எண் கணக்கில் அந்தப் பணத்தைப் பெற்று வைப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. இந்தப் பணத்தில் பொருளாளருக்குச் சொந்த உரிமை எதுவும் இல்லை. விழாச் செலவு தவிர வேறெதற்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. மிச்சம் இருந்தால் ... அமைப்புக்கு ஒப்படைக்க வேண்டும்.”

தேதி போட்டு, குழுவினர் எல்லாரும் கையெழுத்திட்டு, பொறுப்பாசிரியரும் பார்த்ததாகக் கையெழுத்திடட்டும். அதைப் படமெடுத்து அன்றே எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அன்றைய தேதியில் அது இருந்தது என்பதற்கு மின்னஞ்சலே சாட்சி.

பிறகு இதற்கென்றே புதிதாக ஒரு சேமிப்புக் கணக்கு திறங்கள். உங்கள் ஸ்காலர்ஷிப், வீட்டிலிருந்து வரும் பணம், கைபேசி ரீசார்ஜ் எதுவும் அதில் கலக்கக் கூடாது. சொந்தப் பணமும் பொதுப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போலத்தான். நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்பது அங்கே உதவாது. வசூல் அறிவிப்பில் “விழாக் குழுவுக்காக” என்ற சொல் இருக்கட்டும், அனுப்புபவர்கள் யூபிஐ குறிப்பில் விழாவின் பேரை எழுதும்படி கேளுங்கள். ஸ்டேட்மென்டில் வரிக்கு வரி அந்தப் பேர் வருவது நல்ல சாட்சி.

உங்கள் கணக்கைக் குழுவில் இன்னொருவரும் வாராவாரம் பார்க்க வேண்டும். ஸ்டேட்மென்டை வாரம் ஒருமுறை குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். உங்களை யாரும் சந்தேகிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நாளை யாராவது சந்தேகித்தால் உங்கள் பக்கம் நிற்க ஒரு தடம் இருக்கும்.

அப்பாவின் கணக்கில் வாங்கினால்?

வேண்டாம். அவருக்கு ஏற்கனவே வருமானம் இருந்தால் சேர்த்துப் பார்க்கப்படும், அவருக்கும் விழாவுக்கும் சம்பந்தமே இல்லாததால் விளக்குவதும் கடினம். பொருளாளர் 18 வயது நிரம்பாதவர் என்றால் அவர் பேரில் வரும் இத்தகைய வருமானம் எப்படியும் பெற்றோரின் வருமானத்தோடுதான் சேரும், எனவே 18 நிரம்பிய ஒருவரைப் பொருளாளராக்குங்கள்.

நாலு பேர் பிரித்து, ஆளுக்கு 50,000-க்குள் வாங்கிக்கொண்டால்?

கேட்கும்போது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஒரே விழாவுக்கான பணத்தை வரம்புக்குக் கீழே நிற்பதற்காகவே பிரித்தது வெளியே தெரிந்தால், ‘இது எங்கள் பணம் அல்ல’ என்ற வலுவான வாதத்தை நீங்களே பலவீனமாக்கிவிடுகிறீர்கள். தனக்குச் சொந்தமில்லாத பணத்தை வைத்திருப்பவர் வரம்பைப் பார்த்துப் பதுங்க வேண்டியதில்லை. நடைமுறையிலும் நாலு கணக்கு என்றால் நாலு இடத்தில் மறதி. ஒரே கணக்கில், முழுமையாக, வெளிப்படையாக வாங்குங்கள்.

ரொக்கமாகத் தருபவர்களிடம் வாங்கலாமா?

சிறு தொகை என்றால் வாங்கலாம், வரிசை எண் போட்ட ரசீதோடு. வசூலான ரொக்கத்தை நேரே செலவழிக்காமல் முதலில் வங்கியில் கட்டிவிட்டு, செலவுக்கு எடுங்கள், தடம் அறுபடாது. ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டினால் பான் கேட்பார்கள்.

ஒரு வரம்பு மட்டும் மிகக் கண்டிப்பானது. 269எஸ்டி பிரிவின்படி, ஒரே நிகழ்வு தொடர்பாக ஒரே நபரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் நிகழ்வு ஒன்றுதான். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், வாங்கியவர் மேல்.

நன்கொடையாளர் தன் வரிக் கழிவுக்காக 80ஜி ரசீது கேட்கிறார்.

நீங்களோ உங்கள் குழுவோ தர முடியாது. 80ஜி அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே 10பிஇ படிவச் சான்றிதழ் தர முடியும். உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு அந்த அங்கீகாரம் இருந்தால் பணத்தை அங்கே நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவருக்குக் கழிவு கிடைக்காது, புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கும் கிடைக்காது. “வரிக் கழிவு உண்டு” என்று தெரியாமல் ஒருபோதும் சொல்லி வசூலிக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் அனுப்பலாமா?

அனுப்புபவர் எங்கே வசிக்கிறார் என்பதைவிட எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், அனுப்பினால் அது 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. வரிச் சிக்கலைவிட இது பெரிய சிக்கல். அனுப்பும் முன் குடியுரிமையைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஏற்கனவே வந்துவிட்டால் செலவழிக்காமல் அப்படியே தனியாக வைத்து, கல்லூரி நிர்வாகத்திடம் சொல்லி, தெரிந்தவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

கைக்காசு போட்டுச் செலவழித்தேன். பிறகு விழாப் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டால் அது எனக்கு வருமானமா?

செலவழித்ததைத் திரும்பப் பெறுவது வருமானம் ஆகாது, பில் இருக்கும்வரை. பில்லின் பின்பக்கத்தில் யார் கொடுத்தது, எதற்கு, எந்தத் தேதியில் திரும்பப் பெற்றது என்று எழுதி இருவர் கையெழுத்திடுங்கள். எடுக்கும் தொகை பில் தொகையோடு பைசா மாறாமல் பொருந்த வேண்டும். “மொத்தமா ஒரு பத்தாயிரம் எடுத்துக்கிறேன்” என்பது வேண்டாம். உழைப்புக்காக ஏதாவது தொகை எடுத்தால் அது சந்தேகமில்லாமல் உங்கள் வருமானம்.

பில் கிடைக்காத செலவுக்கு?

ஆட்டோ, சுமைகூலி, பூ போன்றவற்றுக்கு பில் எதிர்பார்க்க முடியாது. வவுச்சர் எழுதுங்கள்: தேதி, தொகை, எதற்கு, யாருக்கு, வாங்கியவர் கையெழுத்து அல்லது கைபேசி எண், ஒப்புதல் அளித்தவர் கையெழுத்து. முடிந்தவரை யூபிஐயில் கொடுங்கள்.

மிச்சம் வந்தால்?

மிச்சம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தொகை. பணம் உங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டு, மிச்சம் 18,000 ஆண்டு கடந்தும் உங்கள் கணக்கிலேயே கிடந்தால் மொத்த வாதமும் சந்தேகத்துக்குள்ளாகும். விழா முடிந்து ஒரு மாதத்துக்குள், நிதியாண்டு முடியும் முன்பே, தீர்மானத்தில் சொன்ன இடத்துக்கு வங்கி வழியாக அனுப்பிவிட்டு ரசீது வாங்குங்கள். குழுவினருக்கு விருந்து வைத்துத் தீர்ப்பது, தந்தவர்களின் நம்பிக்கையைத் தீர்ப்பது. பெரிய மிச்சம் என்றால் பெரிய நன்கொடையாளர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அந்தக் கணக்கில் வந்த வட்டி?

வங்கி உங்கள் பேரில்தான் வட்டியை அறிவிக்கும். சிறு தொகைதான், உங்கள் கணக்குத் தாக்கலில் காட்டிவிடுவதே எளிது. வட்டியை விழாக் கணக்கில் வரவு வையுங்கள்.

அமைப்பின் பேரில் கணக்கு இருந்தாலும் வட்டிக்கு வரி உண்டு. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுத் தங்களுக்கே செலவழிக்கும் பணத்துக்கு ‘பரஸ்பரத் தன்மை’ என்ற அடிப்படையில் வரி இல்லை. ஆனால் அதை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை என்று 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வகுப்பினர் மட்டும் பணம் போட்டு நடத்தும் பிரிவுபசார விழாவுக்கும் இந்தப் பரஸ்பரத் தன்மை வாதம் கைகொடுக்கலாம். வெளியாரிடம் வாங்கும் நன்கொடைக்கு அது பொருந்தாது.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

எதிர்பார்ப்பில்லாத நன்கொடைக்கு இல்லை. ஸ்பான்சர்ஷிப் சேவையாகும், ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் (சில மாநிலங்களில் 10 லட்சம்) பொதுவாகப் பதிவு தேவைப்படாது. தனிநபரோ பதியாத குழுவோ ஒரு கம்பெனிக்கு அளிக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கு வரியைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் முறை இருக்கிறது. பெரிய தொகை என்றால் கல்லூரியின் கணக்குப் பிரிவைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்ய?

பதறாமல், முதலில் அது என்ன என்று பாருங்கள். தகவல் அறிக்கையில் உள்ள ஒரு பதிவைப் பற்றிய விசாரிப்பு என்றால் இணையதளத்திலேயே அந்தப் பதிவுக்கு எதிரே கருத்துத் தெரிவிக்கலாம். ‘வருமானம் வரிக்குட்பட்டதல்ல’ என்பதும் அங்கே ஒரு தேர்வு. முறையான நோட்டீஸ் என்றால் கெடுவுக்குள் பதில் போக வேண்டும். பதிலில் அனுப்ப வேண்டியவை: தீர்மானம், வசூல் அறிவிப்பு, நன்கொடையாளர் பட்டியல், வங்கி ஸ்டேட்மென்ட், பில்களும் வவுச்சர்களும், மிச்சத்தை ஒப்படைத்த ரசீது, விழா நடந்ததற்குக் கல்லூரி முதல்வரின் கடிதம். இத்தனையும் கையில் இருந்தால் ஒரு பக்க விளக்கக் கடிதம் போதும். வேலைக்குச் சேர்ந்துவிட்டவர் என்றால் ஆடிட்டர் கட்டணத்துக்குத் தயங்காதீர்கள். அந்தச் செலவைக் குழுவிடம் கேட்பதிலும் தவறில்லை.

இந்தத் தாள்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

1961 சட்டத்தின்படி பழைய கணக்கை மறுபடி திறக்கும் நோட்டீஸ் பொதுவாக மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை வரலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம் வரை. மதிப்பீட்டு ஆண்டு என்பது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு. எனவே விழா நடந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து ஏழு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை. வெப்பத்தில் அச்சாகும் கடை பில்களின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும், வாங்கிய அன்றே படமெடுத்துவிடுங்கள்.

நான் படிப்பை முடித்துப் போகிறேன். அடுத்த பொருளாளருக்கு என்ன கொடுக்க வேண்டும்?

கணக்கு நோட்டின் நகல், மிச்சத்தை ஒப்படைத்த ரசீது, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, ஸ்பான்சர்களின் தொடர்பு. அசல் தாள்களைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் உங்கள் பான் எண்ணில் வந்திருந்தால் கேள்வியும் உங்களிடம்தான் வரும், அசல் உங்களிடம் இருக்கட்டும். அச்சடித்து வைத்திருந்த பதாகைகளிலும் பழைய வசூல் அறிவிப்புகளிலும் இருக்கும் உங்கள் யூபிஐ எண்ணை நீக்கச் சொல்லுங்கள், விழாவுக்கென்று திறந்த கணக்கை மூடிவிடுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கான பணம் பழைய எண்ணுக்கு வந்தால் அதையும் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். கணக்கை மூடியதற்கு வங்கி தரும் கடிதத்தையும் அதே கோப்பில் சேருங்கள்.